சீட்டு வாங்கப் போன பயணம்: அவிநாசிபாளையத்திலிருந்து காசநோய் ஆஸ்பத்திரிக்கு

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது மலை, அணை, கோயில், நல்ல இட்லி கிடைக்கும் கடை. போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தங்கச்சி மாப்பிள்ளைக்குக் காசநோயாக இருக்கும் என்கிறார்கள். திருப்பூரில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். உங்களுக்கு இதில் அனுபவம் உண்டா?" உண்டு ஐயா. நிறையவே உண்டு. 1991 ஐப்பசியில் போனேன். அதற்குப் பின் எட்டு மாதம் அதே சாலையில் போய் வந்தேன். மனைவியின் பிறந்தநாள் எனக்கு ஒவ்வொரு வருடமும் மறந்துபோகும்; பஸ் புறப்படும் நேரமும் டிக்கெட் விலையும் மட்டும் மறக்கவே மறக்காது. ஆகவே இருக்கிறது இருக்கிறபடி எழுதுகிறேன்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் ஆபரேட்டர். நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. பக்கத்து மெஷினில் மரியதாஸ். நாங்கள் தாஸ் என்போம். வயது இருபத்தேழு, எனக்கு ஒரு வயது இளையவன். நான்கு மாதமாக அவனுக்கு இருமல். பொழுது சாய்ந்தால் காய்ச்சல். சட்டை தோளில் நிற்காமல் தொங்க ஆரம்பித்திருந்தது. ஒரு சனிக்கிழமை முதலாளி அவனைக் கூப்பிட்டார்.

"தாசு, ஒரு நட பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒண்ணுமில்லைன்னு சீட்டு வாங்கீட்டு வந்துரு கண்ணு. சீட்டில்லாம மிசின்ல நிக்க வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கொங்கு முதலாளிகள் வேலையை விட்டு நிறுத்தும்போதும் கண்ணு என்றுதான் சொல்வார்கள்.

தாஸுக்கு முகம் செத்துவிட்டது. அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். குடியிருந்தது பத்துக் குடும்பத்துக்கு ஒரே குழாய் உள்ள லைன் வீடு. நோய் என்று தெரிந்தால் வேலையும் போகும், வீட்டையும் காலி செய்யச் சொல்வார்கள். அந்த ஒரு சீட்டில்தான் அவன் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. துணைக்கு நான் வருகிறேன் என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் இருமல் இருந்தது. ஆனால் என்னுடையது 'பஞ்சு இருமல்' என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நிட்டிங் ஹாலில் பஞ்சுத் தூசி பறந்தபடியே இருக்கும். புருவத்தில், காதில், டீ டம்ளரில் எங்கும் படியும். அதனால் நாலு மணி டீயோடு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். வெல்லத்தைக் கடித்தால் தொண்டையில் ஒட்டிய பஞ்சு உள்ளே இறங்கிவிடும் என்பது எங்கள் வைத்தியம். பனியன் கம்பெனியில் இருமாத ஆளைப் பார்த்தால் கணக்குப்பிள்ளையோ என்று கேட்போம். தாஸின் இருமலையும் முதல் மூன்று மாதம் வெல்லம் கொடுத்துத்தான் பார்த்தோம்.

திங்கட்கிழமை காலை 5.50க்கு என் ஊர் அவிநாசிபாளையத்தில், தாராபுரத்திலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தேன். திருப்பூருக்கு இருபது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டேகால் ரூபாய். 6.40க்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. தாஸ் எனக்கு முன்பே வந்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சட்டையில் நின்றுகொண்டிருந்தான். 7.05க்கு ஊத்துக்குளி வழியாக ஈரோடு போகிற பஸ். ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்குத் தலைக்கு நாலேகால் ரூபாய். ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க தாஸுக்கு வாய் வரவில்லை. நான்தான் கேட்டேன்.

கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இருவருமே இருமிக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க, பனியன் கம்பெனிங்களா?" என்றார்.

"ஆமாங்க. எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"இருமறதப் பாத்தாத் தெரியாதுங்களா? பஞ்சுங்க. என்ர மச்சானுக்கும் இப்பிடித்தானுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்தாயா, கண்டக்டருக்கே தெரிகிறது என்று தாஸின் விலாவில் இடித்தேன்.

ஊத்துக்குளியில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். மோர் ஒரு டம்ளர் ஐம்பது பைசா, மேலே வெண்ணெய்த் துணுக்கு மிதக்கும். அப்போதே எழுதுகிறவனாக இருந்திருந்தால், அதைத் தவற விடாதீர்கள் என்று எழுதியிருப்பேன். தாஸ் குடிக்கவில்லை. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

8.25க்கு இறங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. காசநோய் ஆஸ்பத்திரி என்றால் இருட்டறை, ரத்த வாடை என்றெல்லாம் நினைத்துப் போனோம். அப்படி ஒன்றுமில்லை. வேப்ப மரமும் புங்க மரமுமாக விசாலமான இடம். வார்டுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நாலு பக்கமும் காற்று வருகிற மாதிரி இருந்தன. நோயாளிகள் வெயிலில் உட்கார்ந்து தாயம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோற்றுப்போன கோபத்தில் சோழியை வீசி எறிந்தார். சாகப்போகிறவனுக்கு இவ்வளவு கோபம் வராது என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஓ.பி. சீட்டுக்குக் காசு இல்லை. அரை மணி நேர வரிசை. அங்கிருந்த சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். தாஸின் பெயரைக் கேட்டு எழுதி ஒட்டி, மூடி போட்ட இரண்டு சின்ன டப்பாக்களைக் கொடுத்தார்.

"ஒண்ணுல இப்பவே துப்பிக் கொடுங்க. இன்னொண்ணை வீட்டுக்குக் கொண்டுபோங்க. காலையில எந்திரிச்சதும் வாயைக் கொப்புளிச்சிட்டு, மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து இருமித் துப்பணும். எச்சியைத் துப்பிக் கொண்டாந்தா திரும்பவும் அனுப்புவேன், ஆமா. வெளியில காத்தாட நின்னு துப்புங்க. பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது."

முதலில் சளி, தேவைப்பட்டால் பிறகு எக்ஸ்ரே என்றும் சொன்னார். நாங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடிக்குப் போனோம். ஆள் இருக்கக் கூடாது என்று சொன்னாரே என்று நான் தள்ளி நின்றேன். தாஸ் டப்பாவைத் திறந்தான், மூடினான், திறந்தான். பிறகு என்னிடம் நடந்து வந்தான்.

"வேலு, நீ துப்பிக் குடுடா."

"என்னடா ஒளர்ற?"

"உனக்குத்தான் ஒண்ணுமில்லைல்ல? உன்ர சளின்னா சீட்டு கெடச்சிரும். ஸ்டெல்லாளுக்குக் கொழந்த பொறக்கறவரைக்கும் மிசின்ல நின்னுட்டாப் போதும். அப்பறம் நானே வந்து மருந்து எடுத்துக்கறேன். மாதா மேல சத்தியம்."

எனக்குக் கோபம் வந்தது. மசையனாட்டம் பேசாதே என்று திட்டினேன். அவன் டப்பாவை நீட்டியபடியே நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மாதம்தானே, ஒரு சிநேகிதனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று டப்பாவை வாங்கிவிட்டேன். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் புண்ணியம் செய்கிற நினைப்பில்தான் வாங்கினேன். ஒரே இருமலில் கெட்டியாக வந்துவிட்டது. இழுத்து மூச்சுவிடக்கூட வேண்டியிருக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, "பாருடா, ஒரே தம்முல டப்பா ரெடி" என்று பீற்றிக்கொண்டேன்.

இரண்டாவது டப்பாவும் என்னோடு அவிநாசிபாளையம் வந்தது. மறுநாள் விடியற்காலை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்று அதையும் நிரப்பினேன். மரகதம், என் மனைவி, இரண்டு வயசு மகள் கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அங்க நின்னு என்ன பண்றீங்க?" என்றாள். தாஸுக்கு ஒரு வேலை என்றேன். பொய்யும் இல்லை. டப்பாவைக் கம்பெனி வேஸ்ட் துணியில் நாலு சுற்றுச் சுற்றி, டிபன் பையில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா.

"ஏனுங்க தம்பி, அந்தப் பைய மேல வெச்சுட்டுச் சவுரியமா உக்கோருங்களேன்?"

"பரவால்லீங்க, சாஞ்சுருமுங்க."

"தயிருங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? "ஊட்டுத் தயிருங்களா, கடைத் தயிருங்களா?" என்று அவர் விடவில்லை. ஊட்டுத் தயிர்தான் என்றேன். திருப்பூர் வரைக்கும் தயிரைக் கெட்டியாக உறையூற்றுவது எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாஸிடம் இதைச் சொன்னபோது சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தான்.

அன்றும் 8.25க்கு இறங்கி டப்பாவைக் கொடுத்தோம். மத்தியானம் ஒரு மணிக்கு முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு மெஸ் இருந்தது. அளவுச் சாப்பாடு ஐந்து ரூபாய், முட்டை ஒன்றேகால். மெஸ்காரர் நோயாளிக்கு ஒரு தட்டு, கூட வந்தவருக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைத்திருந்தார். தாஸுக்கு நோயாளித் தட்டு வந்தது. எனக்கு நல்ல தட்டு. சீட்டு கையில் கிடைத்ததும் சாயங்காலமே முதலாளியைப் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு இரண்டாம் நாள் மத்தியானத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஒன்று பத்துக்கு சிஸ்டர் "மரியதாஸ்" என்று கூப்பிட்டார். நாங்கள் இருவருமே எழுந்து போனோம்.

"ரெண்டு டப்பாவுலயும் கிருமி இருக்கு. பயப்படாதீங்க, இதுக்கு நல்ல மருந்து இருக்கு. ஒழுங்காச் சாப்பிட்டா முழுசாக் குணமாயிரும். கேக்கீங்களா? ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கீங்க?"

டப்பா மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வேறு யாருடையதோ என்று தோன்றியது. தாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவன் பெயருக்கு மருந்து தயார், நோயும் அவனுக்கு இருக்கிறதென்று அவனுக்கே தெரியும். மாட்டிக்கொண்டது நான் மட்டும்தான். அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தாஸ் சொன்னான். "அம்மா, அது என்ர சளி இல்லீங்க. இவன்ரதுங்க. நாந்தான் துப்பிக் குடுக்கச் சொன்னனுங்க. முதல்ல இவனுக்கு மருந்து குடுங்க."

"என்னய்யா சொல்லுதீங்க?" என்று சிஸ்டர் எழுந்தே விட்டார். நேராக டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்தவன் சளியைக் கொண்டு வர்றது இங்க புதுசில்லப்பா. குடுத்தவன் மாட்டினதுதான் புதுசு" என்றார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். ஐந்து மாதம் இருக்கும், பஞ்சு இருமல்தான், வெல்லம் சாப்பிடுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்கா?"

"ஒண்ணு இருக்குங்க. ரெண்டு வயசு."

"யார் பக்கத்துல படுத்துக்கும்?"

"என்ர நெஞ்சு மேலதானுங்க தூங்கும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அதுவரைக்கும் என் உயிரைப் பற்றிக்கூட எனக்குப் பயம் வரவில்லை. அப்போது வந்தது பாருங்கள். ஐந்து மாதம், ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் குழந்தையின் உச்சந்தலையில் இருமியிருக்கிறேன். டாக்டர் எதிரிலேயே அழுதுவிட்டேன். தாஸ் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் பரிசோதனையே ஆகவில்லை.

அன்றைக்கே இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். தாஸ் இந்த முறை அவனே துப்பினான். வியாழக்கிழமை மறுபடியும் அதே 5.50 பஸ். இந்தத் தடவை மரகதமும் கவிதாவும் கூட வந்தார்கள். தாஸுக்கும் கிருமி இருந்தது. கவிதாவைப் பரிசோதித்துவிட்டு நோய் இல்லை, ஆனாலும் முன்ஜாக்கிரதைக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது மரகதம் குழந்தையோடு எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஊத்துக்குளியில் மோர் வாங்கி நீட்டினேன், வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

பிறகு அடிக்கடி நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் சளி மட்டும் சுத்தமாக இருந்திருந்தால், தாஸ் சீட்டோடு போய் மெஷினில் நின்றிருப்பான். குழந்தை பிறந்ததும் மருந்து எடுப்பேன் என்று சத்தியம் செய்தவன், அதுவரை இருந்திருப்பானா என்பதே சந்தேகம்தான். நல்லது செய்கிறேன் என்று நான் அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

மருந்து முழுக்க இலவசம். முதல் இரண்டு மாதம் ஊசியும் உண்டு. அதை ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொண்டோம். மாத்திரைக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி போகவேண்டும். ஒன்றுக்குச் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். "அதுக்கென்னங்க, நம்ம நொய்யல் ஆறு சாயத் தண்ணியில தெனமும் அப்பிடித்தானுங்க போகுது" என்றான் தாஸ்.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்தார். லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஸ்டெல்லாவின் அம்மா தன் உடுமலைப்பேட்டை வீட்டுக்கு அவளையும் தாஸையும் கூட்டிப்போனார். மார்கழியில் ஆண் குழந்தை. தாஸ் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்றுதான் முதலில் பார்த்தானாம். அந்த மாதம் எடுத்த பரிசோதனையில் எங்கள் இருவர் சளியிலும் கிருமி இல்லை. வேலைக்குப் போகலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனி, போகிறவர்களுக்கு. மேலே எழுதிய பஸ் நேரமும் விலையும் அந்தக் காலத்தவை, அவற்றை நம்பிப் புறப்பட வேண்டாம். இன்று அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே சளி பார்க்கிறார்கள், மருந்தும் இலவசம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் போய்விடுங்கள். வேலை பஞ்சிலா சாயத்திலா என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். மூன்றாம் மாதம் உடம்பு தேறி, கன்னம் உப்பி, எதற்கு இந்த மாத்திரை என்று தோன்றும். தாஸுக்குத் தோன்றியது, பழைய பஸ் ஸ்டாண்டிலேயே சண்டை போட்டு அவனைப் பஸ்ஸில் ஏற்றினேன். ஆகவே கூட ஓர் ஆள் போவது நல்லது. கூடப் போகிறவரும் ஒரு டப்பா கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். வாசகரே, உங்கள் தங்கச்சி மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் வீட்டில் குழந்தை யார் பக்கத்தில் படுக்கிறது என்பதையும் கேளுங்கள்.

தை பிறந்து நாங்கள் கம்பெனிக்குப் போன அன்று, முதலாளி இரண்டு சீட்டையும் வாங்கிப் படித்தார். தாஸின் சீட்டை மடித்து மேஜைக்குள் வைத்தார். என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாசு இருமுனான், சீட்டு கேட்டேன். உன்னைய ஆரு கண்ணு போயிப் பாக்கச் சொன்னா? நீ பஞ்சுக்குத்தானே இருமுனே?"

சீட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு மெஷினுக்குப் போனேன். நாலு மணிக்கு டீ வந்தது. தட்டில் வெல்லமும் வந்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். நான் எடுக்காமல் நின்று யார் யார் இருமுகிறார்கள் என்று பார்த்தேன். ஏழு பேர். முதலாளியிடம் போய் ஏழு பெயரையும் சொன்னேன். ஏழு பேரையும் அனுப்பினால் ஷிப்மெண்ட் என்னாவது என்றார். என் மகள் என் நெஞ்சின் மேல் தூங்கியதைச் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை 7.05 பஸ்ஸில் எங்களோடு இன்னும் மூன்று பேர் ஏறினார்கள். அதற்கு அடுத்த வாரம் நான்கு பேர். வேப்ப மரத்தடியில் ஒவ்வொருவரும் தன் டப்பாவில் தானே துப்பும்வரை தாஸ் பக்கத்திலிருந்து நகரவில்லை. ஆள் இருக்கக் கூடாது என்று சிஸ்டர் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார். இருக்கோணுமுங்க என்றான் தாஸ்.